கூழும் கல்வியும்: நிலையற்ற காலத்தில் நம் முன்னோர் கண்ட அறநெறி

வெள்ளி விழாக் காணும் நம் கல்விச் சங்கத்தின் மலரை விரிக்கும் இளைஞர்கள், சங்கம் கடந்து வந்த பாதையை இதில் தேடுவார்கள். அப்பாதை இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் தொடங்கியதன்று. ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் இம்மண்ணை வாட்டிய பெரும் பஞ்சத்திலேயே அதன் முதல் அடி எடுத்து வைக்கப்பட்டது. உண்ண உணவும், உழ நிலமும், வணங்கக் கோயிலும் மறுக்கப்பட்ட மக்கள், இரக்கத்தையும் அறத்தையும் எங்கிருந்து பெற்றார்கள்? இவ்வினாவுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தாது வருடம்

1876ஆம் ஆண்டில் பருவமழை பொய்த்தது. தமிழ் ஆண்டுக் கணக்கில் அது தாது வருடம். ஆதலின் 1878 வரை நீடித்த அக்கொடுமையைத் தாது வருடப் பஞ்சம் என்றே நம் பாட்டன்மார் அழைத்தனர். தென்னிந்தியாவில் ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பசியாலும், பசியைத் தொடர்ந்து வந்த வாந்திபேதி, காய்ச்சல் முதலிய நோய்களாலும் மாண்டனர் என்பர். நாடு பட்டினியில் கிடந்த அந்நாளிலும் தானியம் கப்பலேறி வெளிநாடு செல்வது நிற்கவில்லை.

அரசு நிவாரண வேலைகளைத் தொடங்கியது. ஆயின் அதற்குக் கொடுத்த கூலி யாது? பஞ்சத்தைப் பார்வையிட வந்த ரிச்சர்ட் டெம்பிள் என்னும் உயர் அதிகாரி, நாள் முழுதும் உழைக்கும் ஓர் ஆளுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறிது காசும் போதும் என்று 1877இல் வகுத்தார். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. உழைப்பவன் உயிர் தரிக்க இது போதாது எனச் சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த டாக்டர் கார்னிஷ் வாதாடினார். அதன் பின்னரே அளவு உயர்த்தப்பட்டது. ஓர் ஏழையின் வயிற்றை எத்தனை அவுன்ஸ் கொண்டு அளப்பது என்று மேலோர் வாதிட்டுக் கொண்டிருந்த வேளையில், மண் வெட்டிய கைகளில் மிகப் பல, சேரிகளிலிருந்து வந்த கைகளே.

படூருக்குக் கிழக்கே, கடலுக்கும் நமக்கும் இடையில் ஓடும் பக்கிங்காம் கால்வாயை நாம் நாள்தோறும் காண்கிறோம். முன்பு உப்பும் விறகும் நெல்லும் படகேறிச் சென்ற நீர்வழி அது. சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் அதன் எட்டுக் கிலோமீட்டர்ப் பகுதி இப்பஞ்சத்தின்போது நிவாரண வேலையாகத் தோண்டப்பட்டது. அக்காலத்து ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் கால்வாய்க்குச் சூட்டப்பட்டது. தோண்டியவர் ஒருவர் பெயரும் எங்கும் பொறிக்கப்படவில்லை. அக்கால்வாய்க் கரையில் நிற்கும்போதெல்லாம், இது பெயரில்லாத நம் முன்னோர்க்கும் நினைவுச்சின்னம் என நாம் எண்ணிக்கொள்ளுதல் தகும்.

பஞ்சத்தில் ஈரம்

கொடிய காலம் மனிதரைக் கொடியவராக்கும் என்பர். ஆனால் ஈரம் அடியோடு வற்றிவிடுவதில்லை. வடலூரில் இராமலிங்க அடிகளார் 1867ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் சத்திய தருமச்சாலையை நிறுவி, சாதி மத வேறுபாடு பாராது பசித்தோர்க்கு உணவிடத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையாது எரிகின்றது. பசியைத் தீர்ப்பதே வழிபாடு என்பது அவர் கண்ட நெறி.

அதற்கும் பல நூற்றாண்டு முன்னரே நம் தொண்டை மண்டலம் இந்நெறியை அறிந்திருந்தது. மழையின்றி வாடிய காஞ்சி நகருக்கு மணிமேகலை வந்து, அமுதசுரபியால் பசித்த உயிர்களுக்கெல்லாம் உணவளித்தாள் எனச் சாத்தனாரின் காப்பியம் கூறுகின்றது. ஏழாம் நூற்றாண்டில் சீன யாத்திரிகர் யுவான் சுவாங் காஞ்சிக்கு வந்தபோதும் அங்குப் பௌத்த மடங்கள் பல இருந்தன. பசிக்கு மருந்தாவதே பேரறம் என்ற எண்ணம் எவரோ நமக்கு இரவலாகத் தந்ததன்று. நம் மண்ணிலேயே முளைத்ததாகும்.

ஆடி மாதத்தில் நம் ஊர்களில் அம்மனுக்குக் கூழ் வார்க்கின்றோம். கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்கவைத்து, நொய்யிட்டுக் காய்ச்சிய கூழை, வந்தவர் யாராயினும் சொம்பு நிறைய வாங்கிச் செல்கின்றனர். களஞ்சியம் வற்றும் மாதம் அது; முன்னாளில் அம்மை முதலிய நோய்கள் பரவும் காலத்தை ஒட்டியதும் அதுவே. அந்த மாதத்தில் ஊரார் ஒன்றுகூடிக் காய்ச்சிப் பகிரும் கூழில், ஒரு முழு வாழ்க்கை நெறியே அடங்கியிருக்கின்றது. அதை வெறும் சடங்கு என ஒதுக்கிவிடுதல் எளிது. அதன் பொருளை உணர்தலே அரிது. அவ்வாறு பொருள் உணர்த்த முனைந்த அறிஞர் ஒருவர் நம் வரலாற்றில் தோன்றினார்.

செங்கற்பட்டின் நிலை

அவரைப் பற்றிக் கூறுமுன் அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தின் நிலையைக் காணல் வேண்டும். இங்கு நிலவிய மிராசு முறையில் விளைநிலத்தின் மீதும், தரிசின் மீதும், பல ஊர்களில் சேரி நத்தத்தின் மீதுங்கூட மிராசுதாரர்கள் உரிமை கொண்டாடினர். உழைப்பவர் எதிர்த்துப் பேசினால் வேலை போவதோடு, குடியிருக்கும் குடிசையும் போகும். தரிசு நிலம் வேண்டி அரசுக்கு மனுச் செய்தாலும் மிராசுதாரர்க்கே முன்னுரிமை. ஆகவே நிலத்தில் பிறந்து, நிலத்தில் உழைத்து, நிலத்தில் மடிந்தவர்க்கு ஒரு சாண் நிலமும் சொந்தமில்லை.

ஆடம் ஆண்ட்ரூ, வில்லியம் கௌடி ஆகிய கிறித்தவத் தொண்டர்கள் இந்நிலையை வெளியுலகுக்கு எடுத்துரைத்தனர். 1891இல் செங்கற்பட்டின் பொறுப்பு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர், இம்மாவட்டத்துச் சேரி மக்களின் நிலை குறித்து விரிவான அறிக்கை ஒன்றை அரசுக்கு அளித்தார். குடியிருப்பு மனை, விளைநிலம், பள்ளிக்கூடம் ஆகியவை வேண்டும் என்பதே அதன் சாரம். அதன் விளைவாக 1892இல் அரசாணை பிறந்தது. ஒடுக்கப்பட்டோர்க்கு ஒப்படைக்கப்படும் நிலத்தை முதல் பத்து ஆண்டுகள் விற்கலாகாது. அதன் பின்னும் ஒடுக்கப்பட்ட வகுப்பாரன்றிப் பிறர்க்கு விற்கலாகாது என்னும் நிபந்தனையுடன் நிலங்கள் வழங்கப்பட்டன. அவையே பஞ்சமி நிலங்கள். மாகாணம் முழுவதும் பன்னிரண்டு இலட்சம் ஏக்கர் எனப் பேசப்படும் இந்நிலங்களுக்கு வித்தாக அமைந்தது நம் செங்கற்பட்டுச் சேரிகளின் கண்ணீரே.

பண்டிதர்

இக்காலத்தில்தான் அயோத்திதாசப் பண்டிதர் முன் வந்தார். 1845ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். தம் ஆசிரியரின் பெயரையே தம் பெயராகக் கொண்டு அயோத்திதாசர் ஆனார். சித்த மருத்துவம் பார்த்து வாழ்ந்தார். தமிழும் பாலியும் கற்றார். அவருடைய பாட்டனார் கந்தப்பன், ஆங்கிலேயர் ஒருவரிடம் பணிபுரிந்தவர். அவர் வீட்டிலிருந்த திருக்குறள் ஓலைச்சுவடியே எல்லிஸ் துரையின் கைக்குச் சென்றது எனப் பண்டிதர் எழுதியிருக்கின்றார். சேரியின் குடிசையில் குறள் காக்கப்பட்டது என்னும் செய்தி, கல்வி நமக்குப் புதிதன்று என்பதை உணர்த்துமன்றோ?

நம் மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் அவருக்கு மைத்துனர் ஆவார். சீனிவாசனின் சகோதரியை மணந்தவர் பண்டிதர். ஒருவர் அறநெறி வழியிலும், மற்றவர் அரசியல் வழியிலும் நம் மக்களின் விடுதலைக்கு உழைத்தனர்.

1891இல் திராவிட மகாஜன சபையைப் பண்டிதர் நிறுவினார். அதற்கடுத்த ஆண்டு, சென்னை விக்டோரியா நகர மண்டபத்தில் நடைபெற்ற சென்னை மகாஜன சபைக் கூட்டத்துக்கு நீலகிரியின் பேராளராகச் சென்றார். சிவன் கோயிலிலும் பெருமாள் கோயிலிலும் எம்மவர் ஏன் நுழையலாகாது என அங்கு எழுந்து வினவினார். அவையில் எதிர்ப்பு மூண்டது. உங்களுக்கெனத் தனித் தெய்வங்கள் இருக்கின்றனவே என்று ஒருவர் இகழ்ந்துரைத்தார். அங்ஙனமாயின் உங்கள் தெய்வம் எமக்கு வேண்டா. நான்காம் வகுப்பு வரை இலவசக் கல்வி தாருங்கள், தரிசு நிலம் தாருங்கள் என்ற கருத்தில் பண்டிதர் விடையிறுத்தார்.

இந்நிகழ்ச்சியைக் கோபத்தின் வெளிப்பாடாக மட்டும் கொள்ளலாகாது. ஆன்மிகம் என்பது இன்னொருவர் திறந்துவிட வேண்டிய கதவுக்குப் பின்னால் இருக்கும் பொருள் என்னும் எண்ணத்தையே அன்று அவர் கைவிட்டார். கல்வியும் நிலமும் கேட்டது, தெய்வத்துக்கு ஈடாக உலகப் பொருளைக் கேட்டதன்று. படிப்பும் உழைப்பும் சோறும் சேர்ந்த வாழ்விலேயே அறம் குடிகொள்ளும் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

பள்ளியும் பஞ்சசீலமும்

1894இல் பிரம்மஞான சபையின் தலைவர் கர்னல் ஆல்காட், அடையாற்றில் ஒடுக்கப்பட்ட குழந்தைகளுக்கென இலவசப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். பின்னர் அது ஐந்து பள்ளிகளாக வளர்ந்தது. அவருடைய துணையோடு 1898இல் பண்டிதரும், ஆசிரியராக இருந்த கிருஷ்ணசாமியாரும் இலங்கைக்குச் சென்றனர். கொழும்பில் சுமங்கல மகாநாயக்கரிடம் பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பினர். அவ்வாண்டே சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் உருவாயிற்று.

பஞ்சசீலம் என்பது யாது? கொல்லாமை, களவாடாமை, பிறழ்ந்த காமம் நீக்கல், பொய்யாமை, கள்ளுண்ணாமை ஆகிய ஐந்து உறுதிகளே. இவற்றைக் கடைப்பிடிக்கக் கோபுரம் வேண்டா, பொற்காசு வேண்டா, எவர் அனுமதியும் வேண்டா. காலையில் வேலைக்குச் செல்பவன் வழியிலேயே கடைப்பிடிக்கலாம். அடுப்பங்கரையில் நிற்கும் தாய் அங்கேயே கடைப்பிடிக்கலாம். நாளைக்குக் கூலி கிடைக்குமோ என்று அறியாத மக்களுக்கு, நாளையும் மாறாத ஒன்றை இவ்வைந்தும் தந்தன. வாழ்வு நிலையற்றதாயினும் நடத்தை நிலையுடையதாகலாம் என்னும் துணிவு அதனால் பிறந்தது.

1907ஆம் ஆண்டு சூன் 19ஆம் நாள் 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வார இதழைப் பண்டிதர் தொடங்கினார். ஓராண்டுக்குப்பின் அது 'தமிழன்' எனப் பெயர் பெற்றது. ஏழையும் வாங்கக்கூடிய விலையில் வந்த அவ்விதழில் வரலாறும், மருத்துவமும், உழவும், அரசியலும், புத்தர் வரலாறும் ஒருங்கே இடம் பெற்றன. கோலார் தங்கவயலில் சுரங்கத்தில் உழைத்தோரும், கடல் கடந்து இரங்கூனிலும் தென்னாப்பிரிக்காவிலும் வாழ்ந்தோரும் அதனைப் படித்தனர். படிக்கத் தெரியாதவர்க்குத் தெரிந்தவர் படித்துக் காட்டினர். ஒருவர் படிக்கப் பலர் கேட்கும் அந்தத் திண்ணையே அக்காலத்தில் நம் கோயிலும் கல்லூரியும் ஆயிற்று.

அன்றாடப் பண்டிகைகளுக்கும் அவர் புதுப்பொருள் கூறினார். எள்ளின் நெய்யைக் கண்டறிந்து அதன் பயனை மக்களுக்கு அறிவித்த நாளே தீபாவளி என்றார். அம்மன் வழிபாட்டை, முற்காலத்துப் பௌத்தப் பெண் துறவி ஒருவரின் அறத்தொண்டின் நினைவாக விளக்கினார். அவர் கூறிய வரலாறுகள் யாவற்றையும் இன்றைய ஆய்வாளர் அவ்வாறே ஏற்பதில்லை. ஆயினும் அவ்விளக்கங்களின் உள்ளீட்டை நாம் மறத்தலாகாது. எண்ணெய் தந்தவரும் மருந்து தந்தவருமே வணங்கத் தக்கவர். பிறர் துயர் துடைத்தவரே தெய்வ நிலைக்கு உரியவர் என்பது அதன் கருத்து. மருத்துவராக நாள்தோறும் நோயாளியின் நாடியைப் பிடித்துப் பார்த்த ஒருவருக்கு, தெய்வமும் மருத்துவக் கோலத்தில் தோன்றியதில் வியப்பில்லை.

1914ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் பண்டிதர் மறைந்தார். அவர் இட்ட வித்து வீண்போகவில்லை. அவரோடு தென்னகத்தில் பௌத்தம் பரப்பிய பேராசிரியர் இலட்சுமி நரசு 1907இல் ஆங்கிலத்தில் எழுதிய 'பௌத்தத்தின் சாரம்' என்னும் நூலை, 1948இல் தம் முன்னுரையுடன் மீண்டும் வெளியிட்டவர் அண்ணல் அம்பேத்கர். 1956ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் இலட்சக்கணக்கானோருடன் அண்ணல் பௌத்தம் தழுவினார். இராயப்பேட்டையில் ஒரு சிறு சங்கமாகத் தொடங்கிய வழியும் நாகபுரிப் பெருவெளிக்குச் சென்ற வழியும் ஒரே திசையில் அமைந்தவையே.

நம் கருணையின் எல்லை

முன்னோரைப் போற்றும் நாம் அவர்தம் குறையையும் கூறுதல் நேர்மையாகும். பஞ்சமர் என்னும் பொதுப்பெயரின் கீழ்த் தம் மக்களைச் சக்கிலியர், குறவர், வில்லியர் முதலியோருடன் ஒன்றாக எண்ணுவதைப் பண்டிதர் எதிர்த்தார். தாழ்த்தப்பட்டோர் வேறு, தாழ்ந்தோர் வேறு என்று பிரித்தெழுதினார். சாதி பேதமற்ற திராவிடர் என்று முழங்கியவரின் கருணையும் ஓரிடத்தில் தயங்கி நின்றது. அவர் நின்ற இடத்திலிருந்து மேலும் ஓர் அடி எடுத்து வைப்பதே அவருக்கு நாம் செய்யும் நன்றியாகும்.

வில்லியர் எனப்பட்ட இருளர் மக்கள் நம் பக்கத்திலேயே வாழ்கின்றனர். செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் முன்பணக் கடனுக்காகக் கொத்தடிமைப்பட்டு, பின்னர் மீட்கப்பட்ட குடும்பங்கள் அவர்களிடையே பல. மாமல்லபுரத்துக்கு வடக்கே வடநெம்மேலியில் 1978இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தை இளைஞர்கள் சென்று காண வேண்டும். பாம்பைக் கொல்லாது பிடித்து, நஞ்சை எடுத்தபின் மீண்டும் காட்டில் விட்டுவிடுகின்றனர். அந்நஞ்சிலிருந்து செய்யப்படும் மாற்றுமருந்து இந்தியா முழுவதும் பாம்பு தீண்டியோரைக் காக்கின்றது. கொல்லாமையும் மருத்துவமும் ஒருங்கே அமைந்த தொழில் இதைவிட வேறு உண்டோ? பண்டிதர் ஒதுக்கி வைத்த மக்களே பண்டிதரின் அறத்தைக் கைத்தொழிலாகக் கொண்டிருக்கின்றனர். நம் மாலைப் பள்ளியில் அவர்தம் குழந்தைகளுக்கு இடமில்லையேல், நாம் சொல்லும் சமத்துவத்துக்கு என்ன பொருள்?

கருணை வேறு, பணிவு வேறு

இரக்கம் பேசினால் போராட்டம் மழுங்கிவிடும் என்று அஞ்சுவோர் நம்மில் உளர். அவ்வச்சம் பொருளற்றது எனக் காட்டும் வரலாறு நம் மாவட்டத்திலேயே இருக்கின்றது. செங்கற்பட்டை அடுத்த காரணையில் பிறர் கைக்குச் சென்றிருந்த பஞ்சமி நிலத்தை மீட்க மக்கள் திரண்டனர். அந்நிலத்தில் அவர்கள் நிறுவிய அண்ணலின் சிலை அகற்றப்பட்டது. அதைக் கண்டித்து 1994ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் செங்கற்பட்டில் கூடியபோது காவல்துறை சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை என்னும் இருவர் உயிர் துறந்தனர். 1892இல் தாளில் எழுதப்பட்ட உரிமை, நூறாண்டு கடந்தும் குருதி சிந்தியே கேட்கப்பட்டது.

  பிறர் துயரைத் தம் துயராகக் கொள்வதே கருணை என்றால், உரிமைக்குப் போராடுவதும் அதன் ஒரு வடிவமே. அநீதியின் முன் தலை குனிவதற்குக் கருணை என்று பெயரில்லை. வெறுப்பினால் போராடுபவன் விரைவில் சோர்வான். இரக்கத்தினால் போராடுபவன் எளிதில் சோர்வடைவதில்லை.

இன்று நம் கடமை

இன்று படூர் சாலையின் இருமருங்கும் அடுக்குமாடிகள் எழுந்துள்ளன. கணினி நிறுவனங்களுக்குச் செல்லும் வண்டிகள் இரவும் பகலும் ஓடுகின்றன. பண்டைய வறுமை பெருமளவு நீங்கியது உண்மை. ஆயினும் நிலையாமை நீங்கவில்லை. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கி இக்கரையை அழித்தது. 2015இல் வெள்ளம் சூழ்ந்தது. 2020இல் பெருந்தொற்று வந்தபோது, ஒப்பந்தக் கூலியில் உழைத்தோரின் வேலை ஒரே நாளில் நின்றது. அந்நாளில் ஊர்தோறும் இளைஞர் அரிசி திரட்டி வீடுவீடாகக் கொடுத்ததை நாம் கண்டோம். எவரும் அதனை ஆன்மிகம் என்று அழைக்கவில்லை. ஆடிக் கூழ் காய்ச்சிய கைகளின் பழக்கமே அங்கும் தொடர்ந்தது.

இளைஞர்களே, வேலை கிடைக்குமோ, கிடைத்த வேலை நிலைக்குமோ என்னும் கவலை உங்களுக்கு இருத்தல் இயல்பு. அக்கவலையை எவரும் ஒரு சொல்லால் போக்கிவிட இயலாது. ஆனால் அக்கவலைக்கு இடையே செய்யக்கூடியவை உண்டு. பத்தாம் வகுப்பில் தவறிய தம்பிக்கு மாலையில் கணக்குச் சொல்லிக் கொடுங்கள். மருத்துவமனைக்குத் தனியே செல்ல அஞ்சும் முதியவருடன் துணை செல்லுங்கள். பட்டாவும் சிட்டாவும் படித்தறிந்து, அறியாதவர்க்கு மனு எழுதிக் கொடுங்கள். குடியினால் சீரழியும் வீட்டைப் பழிக்காது, அவ்வீட்டுப் பிள்ளையைச் சங்கத்துக்கு அழைத்து வாருங்கள். ஐந்து சீலங்களும் இச்செயல்களில் தாமாகவே வந்து சேரும்.

தாது வருடத்தில் கால்வாய் தோண்டியவர்க்கு நாளை என்பது ஒரு பவுண்டு தானியமாக இருந்தது. அவர்தம் பேரப் பிள்ளைகள் திண்ணையில் கூடி ஒரு பைசாத் தாளைப் படித்தனர். அவர்தம் கொள்ளுப் பேரர் நாம் ஒரு கல்விச் சங்கம் நடத்துகின்றோம். இவ்வளர்ச்சி கொடையாக வந்ததன்று. தமக்கே போதாத காலத்திலும் பக்கத்து வீட்டை நினைத்தவர்கள் கொண்டுவந்து சேர்த்தது. வெள்ளி விழாவின் விளக்குகள் அணைந்த மறுநாள் மாலையும் நம் பள்ளி நடைபெற வேண்டும். அதில் இதுவரை வாராத வீட்டிலிருந்து ஒரு பிள்ளையேனும் வந்து அமர வேண்டும். அதுவே நாம் எடுக்கும் விழா. அதுவே நம் வழிபாடு.